நந்தா விளக்கும் கூரைப் பலகையும்

சிராங்கூன் சாலையின் தென்பகுதியை முன்னாளில் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என வழங்கினர். சுண்ணாம்புச் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைத்த தமிழரால் அமைந்த பெயர் அது. 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் 'கம்பம்' ஆயிற்று. அச்சாலை லிட்டில் இந்தியாவினின்று வடகிழக்கு நோக்கிச் சென்று, மேல் சிராங்கூன் சாலை எனப் பெயர் பெறுகின்றது. அதற்கும் வடக்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்த சிராங்கூன் நார்த் பேட்டை உள்ளது. 2008 ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கூரைமீது சூரிய ஒளிப்பலகை பரப்பி மின்சாரம் எடுக்கும் முதல் சோதனைக்கு இரண்டு இடங்களைத் தேர்ந்தது. ஒன்று சிராங்கூன் நார்த். மற்றொன்று செம்பவாங்கில் உள்ள வெலிங்டன் சர்க்கிள். பலகைகள் தந்த மின்சாரம் நடைவழி விளக்குக்கும், மின்தூக்கிக்கும், நீரேற்றும் பொறிக்கும் பயன்பட்டது. சிங்கப்பூரின் பொது வீடமைப்பில் சூரிய மின்சாரத்தின் வரலாறு இவ்விரு பேட்டைகளிலிருந்தே தொடங்குகின்றது.

சூரியப் பலகையின் கதையைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அறிவியற் கதையையே சொல்லுவர். 1839 இல் பத்தொன்பது வயது பிரெஞ்சு இளைஞர் எட்மண்ட் பெக்கரல் ஒளியினின்று மின்னோட்டம் பிறத்தலைக் கண்டதும், 1954 ஏப்ரலில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் நூற்றுக்கு ஆறு பங்கு திறன் கொண்ட சிலிக்கான் கலத்தை வெளியிட்டதும் பலரும் அறிந்தவை. ஆயின் பலகை கூரைமீது ஏறிய பின்னர் எழும் வினா வேறு. அது எத்தனை ஆண்டு உழைக்கும்? உழைக்காவிடின் யார் பொறுப்பு? இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைக் காண்பதே ஈண்டு நோக்கம்.

விற்ற பொருளுக்கு விற்றவர் தரும் உறுதியை இன்று 'உத்தரவாதம்' என்கின்றோம். வடசொல்லில் 'உத்தரம்' விடையையும் குறிக்கும். பின்னால் வருவதையும் குறிக்கும். கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்ட நிலையே உத்தரவாதம் எனப் பொருள் கொள்வது பொருந்தும். தமிழில் இதற்கு இணையான பழஞ்சொல் 'பிணை'. ஒருவரை ஒரு கடமையோடு பிணைத்து வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இச்சொல் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் விளக்கோடு சேர்ந்து வருதலைத் தமிழாசிரியர்கள் அறிவர். பலகைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு கருதி அதனைச் சற்று விரித்துக் காண்போம்.

கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிய வேண்டுமாயின் நாள்தோறும் நெய் வேண்டும். சோழர் காலத்தில் அதன்பொருட்டு ஆடு மாடுகளைத் தானமாக வைத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இக்கணக்கைத் தெளிவாகத் தருகின்றன. விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அல்லது நாற்பத்தெட்டுப் பசு. அல்லது பதினாறு எருமை. இவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் கோயிலுக்கு அதனால் இழப்பில்லை. மந்தையின் எண்ணிக்கையை நிறைத்து வைத்தல் இடையரது கடமை. அதனாலேயே அவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப் பெயர் பெற்றன. இடையர் பெயர்களோடு அவர்க்குப் பிணை நின்ற உறவினர் பெயர்களையும் கல்லில் வெட்டினர்.

இங்கு உறுதி எதற்குத் தரப்பட்டது என்பதே கவனிக்கத் தக்கது. இந்த ஆடு இத்தனை ஆண்டு வாழும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை. உழக்கு நெய் வரும் என்றே உறுதி சொன்னார்கள். ஆட்டின் நலிவு ஆட்டை வைத்திருப்பவனைச் சார்ந்தது. விளக்கின் ஒளி கோயிலைச் சார்ந்தது. இந்தப் பாகுபாட்டை மனத்திற் கொண்டு சூரியப் பலகையின் உத்தரவாதத் தாளைப் படிக்க வேண்டும். அத்தாள் பெரிதும் ஆட்டுக்குத் தரும் உறுதியே அன்றி நெய்க்குத் தரும் உறுதி அன்று.

தாள் பெரும்பாலும் இரண்டு உறுதிகளைக் கூறும். ஒன்று பொருளுறுதி. கண்ணாடி, சட்டம், பின்புறத் தாள், கம்பி சேரும் பெட்டி ஆகியவை செய்பிழையால் கெடா என்பது அது. நெடுங்காலம் இது பத்து ஆண்டு அளவிலேயே நின்றது. மற்றொன்று திறனுறுதி. பத்தாம் ஆண்டில் தொடக்கத் திறனில் நூற்றுக்குத் தொண்ணூறும், இருபத்தைந்தாம் ஆண்டில் எண்பதும் குறையாமல் இருக்கும் என்பது அதன் பழைய வடிவம். இக்காலத்தில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறங்கும் கோடு ஒன்றை வகுத்துத் தருகின்றனர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் 'இருபத்தைந்து ஆண்டு' பெரும்பாலும் இந்த இரண்டாவது உறுதிக்கே உரியது. முதலாவதற்கு உரியது என்று எண்ணி வாங்குவோர் பலர்.

இந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது? இருபத்தைந்து ஆண்டு வைத்துப் பார்த்தபின் எழுதப்பட்டது அன்று. சூரியக் கலம் முதலில் வானிற் பறந்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வேன்கார்டு செயற்கைக்கோளின் வேதிமின்கலம் சில வாரங்களில் ஓய்ந்தது. சூரியக் கலத்தால் இயங்கிய அனுப்பியோ 1964 வரை பேசிற்று. வானில் மழை இல்லை, ஈரம் இல்லை, உப்புக் காற்று இல்லை. நிலத்துக்கு வந்த பலகைகளோ முதலில் மிக எளிதிற் கெட்டன. நீர் புகுந்தது, கம்பி அறுந்தது, கலம் விரிசல் கண்டது.

1975 முதல் 1986 வரை அமெரிக்க அரசின் பொருளுதவியால் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் ஒரு திட்டத்தை நடத்தியது. பலகைகளைத் தொகுதி தொகுதியாக ஐந்து முறை விலைக்கு வாங்கினர். ஒவ்வொரு முறையும் சோதனையைக் கடுமையாக்கினர்; தோற்ற பலகை ஏன் தோற்றது என்று ஆராய்ந்து அடுத்த தொகுதியில் திருத்தச் செய்தனர். கடினமாக்கிய கண்ணாடி, கலத்தை மூடும் புதுவகை ஒட்டுப்பொருள், நிழல் விழுந்த கலம் வெந்து போகாமல் காக்கும் டையோடு ஆகியவை இம்முறையில் நிலைபெற்றன. பின்னர் 1993 இல் உலகப் பொதுவான மின்நுட்பத் தரமொன்று வெளிவந்தது. அதன்படி பலகையைச் சுழிக்குக் கீழ் நாற்பது பாகை முதல் சுழிக்கு மேல் எண்பத்தைந்து பாகை வரை இருநூறு முறை குளிரவும் காயவும் வைப்பர். எண்பத்தைந்து பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு எண்பத்தைந்து ஈரத்திலும் ஆயிரம் மணிநேரம் அடைத்து வைப்பர். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை எறிந்தும் பார்ப்பர்.

இச்சோதனைகள் வலுப்பெற வலுப்பெற, தாளில் எழுதும் ஆண்டும் நீண்டது. 1980 களின் நடுவில் ஐந்து ஆண்டு எனக் கூறிய முன்னணி நிறுவனங்கள் பின்னர் பத்து என்றன. 1990 களில் இருபது என்றன. நூற்றாண்டு முடியுமுன் இருபத்தைந்து என்றன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலத்தில் உறுதி ஐந்து மடங்காயிற்று. கூரைமீது கால் நூற்றாண்டு கழிந்த பலகை உலகில் ஒருசிலவே இருந்த காலத்தில் அந்த எண் எழுதப்பட்டது. சோதனை அறையின் ஆயிரம் மணிநேரம் கூரையின் எத்தனை ஆண்டுக்கு ஈடு என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அந்தச் சோதனை பிறந்த குழவியின் குறைபாட்டைக் கண்டுபிடிக்குமே அன்றி முதுமையை அளந்து சொல்லாது. எனவே இருபத்தைந்து என்னும் எண்ணில் அறிவும் உண்டு. வணிகத் துணிவும் உண்டு.

அத்துணிவு முற்றும் வீண் என்று கூறுதல் நேர்மை ஆகாது. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982 மே மாதத்தில் 288 பலகைகள் கொண்ட சிறு மின்நிலையம் ஒன்று பொது மின்வலையோடு இணைக்கப்பட்டது. ஐரோப்பாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. அப்பலகைகளை ஆண்டாண்டாக எடுத்து அளந்து வந்தனர். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னரும் பெரும்பான்மையானவை தொடக்கத் திறனில் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றைச் செய்தது அமெரிக்காவின் ஆர்க்கோ சோலார் நிறுவனம். அது 1990 இல் சீமென்ஸ் கைக்குப் போயிற்று. பின்னர் ஷெல் கைக்கு. 2006 இல் ஜெர்மனியின் சோலார்வேர்ல்டு கைக்கு. 2017 இல் சோலார்வேர்ல்டு கடன் தீர்க்க இயலாது நொடித்தது. பலகை இருந்தது, செய்தவர் மறைந்தார், செய்தவரை வாங்கியவரும், அவரை வாங்கியவரும் மறைந்தனர்.

அதே நிறுவனத்தின் பலகைகள் கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில் வேறு விதமாயின. அங்கே ஒளியைக் கூட்டுவதற்குக் கண்ணாடி வைத்தனர். மிகுந்த வெப்பத்தாலும் ஒளியாலும் கலத்தை மூடிய ஒட்டுப்பொருள் பழுப்பேறித் திறன் வீழ்ந்தது. 1990 களில் நிலையத்தையே கலைத்துவிட்டனர். ஒரே பட்டறையின் பொருள், இடத்துக்கும் வைக்கும் முறைக்கும் ஏற்ப வேறுபடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சிங்கப்பூர் லுகானோ அன்று. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே உள்ள இத்தீவில் பகலெல்லாம் வெம்மை, இரவெல்லாம் ஈரம். பலகையின் திறனைத் தொழிற்சாலையில் அளக்கும்போது கலத்தின் வெப்பம் இருபத்தைந்து பாகையாக இருக்க வேண்டும் என்பது விதி. கூரையில் உச்சிவேளையில் அது ஐம்பதையும் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் பலகை நூற்றில் ஏறத்தாழ 0.4 பங்கு திறன் இழக்கும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் மின்னழுத்தத்தால் கலம் சோர்ந்துபோகும் குறை ஒன்றும் இந்நூற்றாண்டில் அறியப்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டதும் அதே 2008 ஆம் ஆண்டு என்பது பொருத்தமே. வெளிநாட்டுச் சோதனை அறையின் விடையை இவ்வூர்க் கூரை ஏற்குமா என்று பார்ப்பது அதன் பணிகளுள் ஒன்று.

தேய்மானத்தைப் பற்றி உலகெங்கும் வெளியான ஏறத்தாழ இரண்டாயிரம் அளவீடுகளைத் தொகுத்து, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடத்தார் ஆராய்ந்தனர். அவற்றின் நடுவெண் ஆண்டுக்கு நூற்றில் 0.5, சராசரி 0.8. எண்கள் சிறியனவாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆண்டுக்கு 0.5 தேய்ந்தால் இருபத்தைந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 88 பங்கு மிஞ்சும், உறுதி நிறைவேறும். 0.8 தேய்ந்தால் 80 மிஞ்சும், எல்லையில் நிற்கும். 1 பங்கு தேய்ந்தால் 75 தான்; உறுதி தவறும். ஈரநாட்டில் இந்த அரைப்பங்கே வழக்குக்கும் வழக்கின்மைக்கும் இடைப்பட்ட தொலைவு.

உறுதி தவறிற்று என்று மெய்ப்பிப்பது எளிதோ எனில், அன்று. கூரையில் மின்சாரம் குறைந்தால் அது பலகையின் குறையா, தூசியின் குறையா, பக்கத்தில் எழுந்த கட்டடத்தின் நிழலா, முகில் மிகுந்த மாதமா என்று வீட்டுக்காரர் எவ்வாறு அறிவார்? தாளிலுள்ள எண் ஆய்வறை விதிக்கு உட்பட்டது. பலகையைக் கழற்றி இறக்கி, ஆய்வறைக்கு அனுப்பி அளக்க வேண்டும். அளவையின் பிழை என நூற்றுக்கு மூன்று பங்கைத் தள்ளுவதும் உண்டு. பல தாள்களில் மாற்றுப் பலகை தருவதாக எழுதியிருக்கும். கழற்றும் கூலியும், ஏற்றும் கூலியும், சாரம் கட்டும் செலவும் அதில் அடங்கா. மேலும் பலகையைவிட முந்திக் கெடுவது பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர். அதற்கு உறுதி பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து ஆண்டே. இருபத்தைந்து ஆண்டுப் பலகைக்கு நடுவில் ஒரு முறையேனும் அதனை மாற்ற நேரும் என்று கொள்வதே முறை.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திருத்தத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தோன்றும் குறை விற்றபோதே இருந்த குறையாகக் கருதப்படும். அன்று என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர். நல்ல ஏற்பாடுதான். எனினும் பலகையின் மெய்யான குறைகள் பத்தாம், பதினைந்தாம் ஆண்டில் தலைகாட்டுவன.

அப்போது உறுதி தந்தவர் இருப்பாரா? 2011 முதல் 2013 வரை பலகை விலை சரிந்தபோது நேர்ந்தவற்றை நினைவுகூரலாம். 2011 ஆகஸ்டில் எவர்கிரீன் சோலார் நொடித்தது. அடுத்த மாதம் சொலிண்ட்ரா. அவ்வாண்டு இறுதியில் நாற்பது ஆண்டுப் பழமையுள்ள சூரியத் தொழிலை மூடுவதாக பீபீ நிறுவனம் அறிவித்தது. 2012 ஏப்ரலில் ஜெர்மனியின் கியூ-செல்ஸ் வீழ்ந்து பின்னர்க் கொரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2013 மார்ச்சில், ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய பலகை நிறுவனமாக விளங்கிய சன்டெக்கின் ஊஷி ஆலை நொடித்தது. இவையெல்லாம் இருபத்தைந்து ஆண்டுத் தாள் எழுதித் தந்த காலத்தின் பெயர்கள். சிங்கப்பூருக்கு அணித்தான நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் சன்பவர் நிறுவனத்திலிருந்து 2020 இல் பிரிந்து சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேக்சியான் நிறுவனம், 2022 இல் நாற்பது ஆண்டு உறுதி தருவதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் தாய் நிறுவனமாகிய சன்பவர் நீதிமன்றத்தின் நொடிப்புப் பாதுகாப்பை நாடிற்று. பலகை செய்தவர் ஒருவர், வீட்டில் பொருத்தியவர் ஒருவர். இருவர்க்குமிடையே எந்தக் குறைக்கு யாரிடம் போவது என்று வாடிக்கையாளர் தாளைப் புரட்ட வேண்டியதாயிற்று.

மின்வலை எட்டாத வீடுகளில் இவ்வினா இன்னும் கூர்மையாகத் தோன்றிற்று. இலங்கையில் 1997 முதல் 2011 வரை உலக வங்கியின் துணையோடு நடந்த இரு திட்டங்களில் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் கடன் பெற்றுச் சிறு சூரிய விளக்கமைப்புகளை வாங்கின. அங்கே பலகை பெரும்பாலும் தாங்கிற்று, கெட்டது ஈயமின்கலம். மின்கலத்தின் ஆயுள் சில ஆண்டுகளே. மின்வலை ஊருக்குள் வந்ததும் பலருக்கு அமைப்பே வேண்டாததாயிற்று; கடன் மட்டும் நின்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் சிற்றூர்களில் இவ்வணிகம் செய்த ஷெல் நிறுவனம் 2007 இல் அதனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அகன்றது. மூன்று மணிநேரம் பேருந்தில் சென்றால்தான் கடை என்னும் நிலையில், கையிலுள்ள தாளுக்கு என்ன பொருள்?

சிராங்கூன் நார்த்துக்கு மீள்வோம். முதற் சோதனையில் பலகைகளை விலைக்கு வாங்கிப் பொருத்தும் முறையே இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2009 இல் முப்பது பேட்டைகளுக்குச் சோதனையை விரித்தது. 2011 இல் ஒரு மாற்றம் நேர்ந்தது. பொங்கோலில் 45 கட்டடங்களுக்கு ஒப்பந்தம் கோரியபோது, பலகையை விலைக்கு வாங்காமல் குத்தகை முறையைக் கொண்டுவந்தனர். தனியார் நிறுவனமே தன் பொருளில் பலகையை வாங்கிப் பொருத்தும், உடைமையும் அதனுடையது, பழுது பார்ப்பதும் அதன் பொறுப்பு. நகர மன்றம் விளைந்த மின்சாரத்துக்கு மட்டும் விலை தரும். அவ்விலை பொது மின்கட்டணத்துக்கு மேற்படாது. 2014 இல் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தொடங்கிய சோலார்நோவா திட்டம் இம்முறையையே பல அரசு நிறுவனங்களுக்கும் சேர்த்து விரிவாக்கிற்று. 2015 இல் அளிக்கப்பட்ட முதல் ஒப்பந்தமே தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட வீவக கட்டடங்களை உள்ளடக்கியது. 2030 க்குள் 540 மெகாவாட் உச்சத்திறன் என்பது கழகம் வகுத்துக்கொண்ட குறிக்கோள்.

தஞ்சை இடையர் ஏற்ற கடமையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஆடு யாருடைய கையில் உள்ளதோ அவரே நெய்க்குப் பொறுப்பு. பலகை யாருடையதோ அவரே மின்சாரத்துக்குப் பொறுப்பு. இன்வெர்ட்டர் ஓய்ந்து ஒரு வாரம் மின்சாரம் வாராவிடின் நகர மன்றம் அவ்வாரத்துக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, இழப்பு உடையவருக்கே. பலகை நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்ததா, அரைப் பங்கா என்று ஐந்தாம் மாடியில் குடியிருப்பவர் ஆய்வறைக்குப் போய் வழக்காட வேண்டுவதில்லை. செய்தவரோடு வழக்காடும் வேலை, அளவுக்கருவியும் வழக்கறிஞரும் உடைய நிறுவனத்துக்குச் சென்றது. பொது மின்வலை பின்னால் நிற்பதால் விளக்கும் அணையாது.

இம்முறையிலும் குறை உண்டு. குத்தகை எடுத்த நிறுவனமும் கைமாறும். முதல் ஒப்பந்தத்தைப் பெற்ற சன்சீப் நிறுவனத்தை 2022 இல் போர்த்துகலின் ஈடிபி நிறுவனத்தின் கிளை வாங்கிவிட்டது. ஆயினும் இங்கே கைமாற்றம் ஆர்க்கோவின் கைமாற்றம் போன்றதன்று. வாங்கியவருக்கு வருவாய் வேண்டுமாயின் கூரையிலுள்ள பலகை விளைய வேண்டும். பழைய உறுதித்தாள் வாங்கியவருக்குச் சுமை. குத்தகைக் கூரை வாங்கியவருக்குச் செல்வம். சுமையைக் கைவிட எண்ணுபவர் பலர்; செல்வத்தைக் கைவிடுபவர் அரியர்.

அடுக்குமாடிக்கு இவ்வழி உண்டு. அதே வட்டாரத்தில், 1950 களில் எழுந்த சிராங்கூன் கார்டன் பேட்டையின் தரைவீட்டுக்காரருக்குக் கூரை அவருடையது, முடிவும் அவருடையது. விலைக்கு வாங்குவாராயின் அவர் கையில் வருவது உத்தரவாதத் தாள்களே. பலகைக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, கூரை ஒழுகாமைக்குப் பொருத்தியவர் தருவது ஒன்று. மூன்றிலும் ஆண்டு வேறு, கையெழுத்து வேறு. பலகையைக் கழற்றி ஏற்றும் கூலி யாருடையது, செய்தவர் மறைந்தால் ஈடு செய்யும் காப்புறுதி உண்டா, மாதந்தோறும் விளைந்த மின்சாரத்தின் கணக்கு யாரிடம் இருக்கும் என்னும் மூன்றையும் பொருத்துமுன் எழுத்தில் கேட்டு வாங்குவோர்க்கு, குறை தோன்றும் காலத்தில் காட்டுவதற்கு ஒன்றேனும் இருக்கும். 2008 இல் பொருத்திய பலகைக்கு இருபத்தைந்து ஆண்டுத் திறனுறுதி தரப்பட்டிருப்பின் அது 2033 இல் முடிவுறும்.